புள்ளிக்கோடும் அடைப்புக்குறியும்: பிறப்பு அறிக்கைப் படிவத்துக்கு ஓர் உரை

பாயிரம்

உரை எழுத இலக்கியம்தான் வேண்டும் என்பதில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் கீழ் வரும் படிவம் எண் 1, அதாவது பிறப்பு அறிக்கை, ஒரே தாளில் அடங்கிவிடும். அதன் பெரும்பாலான வரிகளில் மூன்று உறுப்புகள் உண்டு: ஒரு கேள்வி, பதிலுக்கான புள்ளிக்கோடு, அடைப்புக்குறிக்குள் ஒரு கட்டளை. 2023-இல் சட்டம் திருத்தப்படும் முன் நெடுங்காலம் நாடு முழுவதும் வழங்கிய வடிவத்தையே இங்கே மூலமாகக் கொள்கிறேன். வரிகளைச் சுருக்கி என் தமிழில் தந்திருக்கிறேன்.

இன்று பிறப்புப் பதிவு இணையத்துக்குப் போய்விட்டது. ஆனால் இணையத்தில் ஏற்றுவதற்கு முன் தகவல் திரட்ட, வேர்டில் ஒரு படிவம் வைத்துக்கொள்ளும் இடங்களுக்கு இந்த உரை உதவும். அப்படிப்பட்ட கோப்பைக் கொடுத்தால், கோடு கண்ட இடமெல்லாம் நிரப்புக் கட்டம் போட்டுத் தரும் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. அவை புள்ளிக்கோட்டை நன்றாகவே பார்க்கின்றன. படிவத்தின் சட்டமோ அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் கருவி என்ன செய்யும், மனிதர் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே இந்த உரையின் பொருள்.

காரைக்காலை எடுத்துக்காட்டாக வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் மாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்த ஊர் அது. பிறப்பைப் பதிவதில் இரண்டு மரபுகளைக் கண்டது. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு பதிவேட்டைப் பற்றிக் கறாராகப் பேசியது: பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவே வெற்றிடம் விடாமல் எழுதப்பட வேண்டும், அடித்தல் திருத்தலுக்கு ஒப்புதலும் கையெழுத்தும் வேண்டும், சுருக்கம் கூடாது, தேதியை எண்ணில் எழுதக் கூடாது. விட்ட இடத்தில் பின்னால் எவராவது எதையாவது செருகிவிடுவார் என்ற ஐயம்தான் அதன் அடித்தளம். நம் படிவம் எண் 1-க்கோ வெற்றிடம்தான் மூலதனம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கட்டம் போடும் வேலையில் இருக்கும் சிக்கல் விளங்கும்.

கருவி படிக்கும் விதம்

டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதைப் பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். இந்த அமைப்பு 2006-இல் எக்மா தரமாகவும் 2008-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. கருவி அந்த எக்ஸ்எம்எல்லைத்தான் படிக்கிறது. வரிசையாக வரும் அடிக்கோடுகள், புள்ளிகள், வெறும் அட்டவணைக் கட்டங்கள், முக்காற்புள்ளியோடு நிற்கும் சொற்கள் ஆகியவற்றைத் தேடி, அந்த இடத்தை 'கன்டென்ட் கன்ட்ரோல்' எனப்படும் உறைக்குள் வைக்கிறது. வேர்டு 2007-இல் வந்த வசதி இது. டிக் கட்டம் 2010-இல் சேர்ந்தது. லிபர்ஆபிஸ் 2022-இல், 7.4 பதிப்பில் இதை ஏற்றது.

இதில் இரண்டு குழிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் புள்ளிக்கோடு பல கோப்புகளில் எழுத்தே இல்லை. டேப் நிறுத்தத்துக்குக் கொடுத்த அலங்காரம். புள்ளிகளைத் தேடும் கருவிக்கு அங்கே ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. அடுத்தது, வேர்டு ஒரே கோட்டைப் பல துண்டுகளாக உடைத்துச் சேமிக்கும். இடையில் ஒருமுறை திருத்தினாலே போதும். துண்டுகளை ஒட்டிப் பார்க்காத கருவி ஒரு கோட்டுக்கு மூன்று கட்டம் போட்டுவிடும்.

மூலம் 1
சட்டத் தகவல்: இப்பகுதி பிறப்புப் பதிவேட்டில் சேரும். புள்ளிவிவரத் தகவல்: இப்பகுதியைப் பிரித்துப் புள்ளிவிவரப் பணிக்கு அனுப்ப வேண்டும்.

உரை: ஒரு தாளுக்கு இரண்டு பயணங்கள். முதல் பகுதி குழந்தையின் அடையாளம்; என்றும் பதிவேட்டில் நிற்பது. இரண்டாம் பகுதி எண்ணிக்கைக்கு மட்டும் போவது. தாயின் கல்வி, திருமண வயது, பிரசவம் பார்த்தவர் யார் என்பவை அதில் அடங்கும்.

இரண்டும் ஒரே அட்டவணையின் இரு நிரல்களாக அச்சாகியிருந்தால் கருவி கிடைவரிசையாகவே போகும். பிறந்த தேதியை நிரப்பி டேப் விசையைத் தட்டினால் தாயின் ஊருக்குத் தாவும். மறுபடி தட்டினால் குழந்தையின் பாலுக்குத் திரும்பும். நிரப்புகிறவர் குழம்புவார். கருவியை ஓட்டும் முன்பே இரு பகுதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தனித்தனி அட்டவணையாக்கிவிடுவது நல்லது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பெயர்கள் வைக்கலாம். ஒன்று நிரப்புகிறவர் பார்க்கும் தலைப்பு; மற்றது நிரல் படிக்கும் குறிச்சொல். குறிச்சொல்லின் முன்னொட்டாக எல்லாச் சட்டக் கட்டங்களுக்கும் 'சட்டம்', மற்றவற்றுக்கு 'புள்ளி' என்று வைத்தால், பிற்பாடு தகவலைப் பிரிப்பதும் எளிது; ஒன்றில் இருப்பது மற்றதில் கசியாமல் காப்பதும் எளிது.

மூலம் 2
பிறந்த தேதி (சரியான நாள், மாதம், ஆண்டு எழுதுக, எ-டு: 1-1-2000).

உரை: 'சரியான' என்பதால் மதிப்பிட்டு எழுதுவது விலக்கப்பட்டது. எடுத்துக்காட்டுதான் சிரிப்பை வரவழைக்கிறது. நாளும் மாதமும் ஒன்றே என்பதால் எது முதலில் வரவேண்டும் என்பதை அது காட்டவே இல்லை. நம் ஊர் மனிதர் கேட்காமலே நாளை முதலில் எழுதுவார். கருவிக்கு அந்த வழக்கம் தெரியாது. மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் தேதிக் கட்டம் மாதத்தை முன்னே போடும். ஏப்ரல் 3 அங்கே 4/3 என்று தெரியும். பதிவேட்டைப் படிப்பவருக்கு அது மார்ச் 4.

தேதிக் கட்டம் இரண்டு உருவங்களை வைத்திருக்கிறது. உள்ளே ஆண்டு, மாதம், நாள் என்ற மாறாத வரிசையில் ஒன்று; வெளியே நாம் சொல்லும் அமைப்பில் மற்றொன்று. வெளியமைப்பை நாள்-மாதம்-நான்கிலக்க ஆண்டு என்று கருவிக்குச் சொல்லிவிட வேண்டும். மாதத்தைச் சொல்லாகக் காட்டச் சொன்னால் ஐயமே எழாது. தேதியை எண்ணில் எழுதாதே என்ற பிரெஞ்சுச் சட்டத்தின் எச்சரிக்கை இங்கே நூறு விழுக்காடு பொருந்தும். இன்னொன்று: வேர்டின் தேதிக் கட்டத்தில் நாட்காட்டியைத் தொடாமல் நேரடியாக எதையும் தட்டச்சலாம். 'நேற்று இரவு' என்று எழுதினாலும் அது தடுக்காது. பிறப்பை அறிவிக்கும் 21 நாள் கெடு கடந்ததா, ஓர் ஆண்டு கடந்ததா என்று பார்ப்பதும் பதிவாளரின் வேலையே.

மூலம் 3
பால் (ஆண் அல்லது பெண் என எழுதுக, சுருக்கம் வேண்டாம்).

உரை: 'சுருக்கம் வேண்டாம்' என்பதில் 42-ஆம் பிரிவும் படிவம் எண் 1-உம் கைகோக்கின்றன. சாய்கோட்டோடு 'ஆண் / பெண்' என்று கண்டால் கருவி இரண்டு டிக் கட்டங்கள் போடும். வேர்டின் டிக் கட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதில்லை. இரண்டிலும் டிக் செய்ய முடியும். ஒன்றையே தேர்ந்தெடுக்கவிடும் டிராப்-டவுன் பட்டியல்தான் இங்கே பொருந்தும். பட்டியல் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் தனியாக உட்கார்ந்திருக்கும். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014-இல் அங்கீகரித்தது போல ஒரு மாற்றம் வந்தால், பழைய கோப்பு தானாகத் திருந்தாது. எந்தப் பட்டியல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற கணக்கு வேண்டும்.

மூலம் 4
குழந்தையின் பெயர், இருந்தால் (பெயரிடவில்லையெனில் வெறுமையாக விடுக).

உரை: இந்தப் படிவத்தின் மிக அழகான கட்டளை இதுதான். வெற்றிடத்தைச் சட்டமே கேட்டு வாங்குகிறது. அன்றைய பிரெஞ்சு முறையில் பிறந்த மூன்று நாளுக்குள் அறிவித்து, பதிவிலேயே குழந்தையின் பெயரைச் சேர்த்தாக வேண்டியிருந்தது. இந்தியச் சட்டம் அப்படி அவசரப்படுத்துவதில்லை. பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். 14-ஆம் பிரிவின்படி பெயரைப் பிறகு சேர்க்கலாம்: பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லை, அதன்பின் 15 ஆண்டு வரை கட்டணத்தோடு.

கருவி இந்த நுட்பத்தைக் கெடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, 'பெயர்' என்ற சொல்லைக் கண்டதும் கட்டாயக் கட்டம் என்று முடிவுகட்டிக்கொண்டு, நிரப்பாமல் அனுப்பவிடாது. பெற்றோர் வேறு வழியின்றி 'பாப்பா' என்றோ 'பேபி' என்றோ எழுதிவைப்பார்கள்; அதை மாற்றப் பிறகு விண்ணப்பம், சான்று, அலைச்சல். மற்றது இன்னும் நுணுக்கமானது. நிரப்பாத கன்டென்ட் கன்ட்ரோலில் 'இங்கே சொடுக்கி எழுதவும்' என்ற சாம்பல் நிற வாசகம் தெரியும். திரையில் அது வழிகாட்டி. அச்சடிக்கும்போது அந்த வாசகமும் சேர்ந்தே தாளில் வரும். வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாக்கியம் உட்கார்ந்துவிடும். எனவே இந்தக் கட்டத்துக்கு மட்டுமாவது வழிகாட்டி வாசகத்தை வெறும் இடைவெளிகளாக மாற்றி, என்ன எழுத வேண்டும் என்பதைத் தலைப்பில் சொல்லிவிட வேண்டும்.

மூலம் 5
தந்தையின் பெயர், தாயின் பெயர் (வழக்கமாக எழுதும் முழுப்பெயர்).

உரை: 'வழக்கமாக எழுதும்' என்பது உயிர்நிலை. எந்த முறையில் எழுதுவது என்று படிவம் கட்டளையிடவில்லை. அவரவர் வழக்கத்தை ஏற்கிறது. ஒரே கோடு, பிரிவு இல்லை. பல கருவிகள், வேற்று நாட்டுப் படிவங்களைப் பார்த்துப் பழகியதால், பெயரைக் கண்டதும் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிளக்கும். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதுகிறவரிடம் குடும்பப் பெயரைக் கேட்டால் என்ன எழுதுவார்? தகப்பனார் பெயரையே எழுதுவார், அல்லது முதலெழுத்தை மட்டும் எழுதுவார். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று ஆகிவிடும்.

காரைக்காலில் இந்தச் சிக்கலுக்கு ஒரு கிளை அதிகம். 1881 செப்டம்பர் 21 ஆணை, விரும்பிய இந்தியர் தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வர வழி செய்தது. அப்படி வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு குடும்பப் பெயரை ஏற்றார்கள். அந்த வழியில் வந்த குடும்பங்களும், தலைப்பெழுத்து வழக்கம் உள்ளவர்களும், மரைக்காயர் பெயர் கொண்டவர்களும் ஒரே மருத்துவமனை வரிசையில் நிற்கிற ஊர் இது. ஒரே நீளமான கட்டம், எழுத்து வரம்பில்லாமல்: இதற்கு மேல் புத்திசாலித்தனம் காட்டினால் பிழைதான் மிஞ்சும்.

எழுத்துருவையும் கவனிக்க வேண்டும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த படிவங்கள் இன்னும் புழங்குகின்றன. அவற்றின் உள்ளே இருப்பவை உரோமன் எழுத்துகளும் குறிகளும். தமிழ்போலத் தெரிவது எழுத்துருவின் வேடம். 'பெயர்' என்ற ஒருங்குறிச் சொல்லைத் தேடும் கருவி அங்கே எதையும் காணாது. அதைவிடக் கேடு, புதிதாகப் போட்ட கட்டம் பக்கத்து எழுத்தின் எழுத்துருவை வாரிசாகப் பெறுவது. அங்கே ஆங்கிலத்தில் தந்தை பெயரைத் தட்டினால் பொருளற்ற தமிழ் எழுத்துகள் வரும். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. முதலில் படிவத்தை ஒருங்குறிக்கு மாற்றி, அதன் பிறகே கருவியை ஓட்ட வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிரெஞ்சுக் காலத்தில் ஒரே பிறப்பைப் பல பிரதிகளில் கையால் எழுதினார்கள். 1776-ஆம் ஆண்டு அரசாணைப்படி குடியேற்றங்களிலிருந்து ஒரு பிரதி பிரான்சுக்குக் கப்பலேறியது. அந்தப் பிரதிகள் இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வேர்டில் ஒரே தகவலோடு பல கட்டங்களைப் பிணைக்கலாம். ஓரிடத்தில் எழுதினால் எல்லா இடத்திலும் வரும். பிரதிக்குப் பிரதி பெயர் மாறும் ஆபத்து இல்லை. இந்த வரம் எப்போது சாபமாகும் என்பதை அடுத்த மூலம் காட்டும்.

மூலம் 6
தாய் வழக்கமாக வசிக்கும் ஊர் (பிரசவம் நடந்த இடத்திலிருந்து வேறாக இருக்கலாம், வீட்டு முகவரி வேண்டாம்). ஊர், நகரமா, கிராமமா, மாவட்டம், மாநிலம்.

உரை: காரைக்காலுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். புதுச்சேரியின் நான்கு பகுதிகளில் ஒன்றாக இருந்தும், புதுச்சேரி நகருக்குத் தரைவழியே போகத் தமிழ்நாட்டைக் கடந்தே ஆக வேண்டும். குழந்தை பிறந்த இடம் ஒரு நிர்வாகத்திலும் தாய் வாழும் ஊர் வேறொன்றிலும் இருப்பது இங்கே எல்லையை ஒட்டிய அன்றாடம். அதனால்தான் பெற்றோரின் முகவரி, பிறந்த இடம், தாயின் ஊர் என்று படிவம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. கருவியோ 'ஊர்', 'முகவரி' என்ற சொற்கள் திரும்ப வருவதைக் கண்டு, எல்லாம் ஒன்றே என்று பிணைத்துவிடும். அப்போது மருத்துவமனை இருக்கும் ஊர், தாயின் ஊராகத் தானே நிரம்பும். எந்த ஊர்த் தாய்மாருக்கு எத்தனை குழந்தை என்ற கணக்கு அதோடு கெடும்.

அஞ்சல் குறியீட்டைக் கொண்டு மாநிலத்தைத் தானே நிரப்பலாம் என்று எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. காரைக்கால் 609602, மயிலாடுதுறை 609001. முதல் மூன்று இலக்கமும் ஒன்றே. ஒன்று ஒன்றியப் பகுதி, மற்றது தமிழ்நாடு.

மாவட்டத்துக்குப் பட்டியல் போடுவதிலும் ஒரு தடை உண்டு. வேர்டின் பழைய வகை டிராப்-டவுன் 25 பெயர்களுக்கு மேல் ஏற்காது. தமிழ்நாட்டில் மட்டும் 38 மாவட்டங்கள். எனவே புதிய வகைப் பட்டியலே வேண்டும், அதிலும் இல்லாத பெயரைத் தட்டச்சவிடும் வகை. ஏனென்றால் மாவட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. காரைக்காலை ஒட்டிய நிலம் தஞ்சாவூர் மாவட்டமாக இருந்து, 1991-இல் நாகப்பட்டினமாகி, 2020-இல் ஒரு பகுதி மயிலாடுதுறையாகப் பிரிந்தது. பழைய பட்டியலைச் சுமக்கும் படிவம் தரங்கம்பாடித் தாயை இன்னும் நாகப்பட்டினத்தில்தான் வைத்திருக்கும்.

மூலம் 7
பிறந்தபோது எடை (கிலோகிராமில், தெரிந்தால்). கர்ப்ப காலம் (வாரங்களில்).

உரை: சுருக்கமாகச் சொல்லலாம். கன்டென்ட் கன்ட்ரோலில் எண்ணுக்கென்று தனி வகை கிடையாது. பழைய வகை உரைக் கட்டத்தில் உண்டு. வார்டு எடைக் குறிப்பு கிராமில் இருக்கும், படிவம் கிலோவில் கேட்கும். அலகைக் கட்டத்துக்கு வெளியே நிலையான எழுத்தாக அச்சிட்டுவிட்டால் 2900 கிலோ குழந்தைகள் பிறக்க மாட்டா.

மூலம் 8
தந்தையின் தொழில், தாயின் தொழில் (தொழில் இல்லையெனில் 'இல்லை' என எழுதுக).

உரை: மூலம் 4-ஐ இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே பெயர் இல்லையென்றால் வெறுமையாக விடச் சொன்ன படிவம், இங்கே தொழில் இல்லையென்றால் அதை எழுதியே ஆக வேண்டும் என்கிறது. முரண் போலத் தோன்றும், முரண் இல்லை. பெயர் இனி வரப்போவது, ஆகவே இடம் காத்திருக்கிறது. தொழிலின்மை என்பதோ முடிந்த பதில். அதை வெறுமையாக விட்டால், கேட்கவில்லையா, மறந்துவிட்டார்களா, இல்லவே இல்லையா என்று எண்ணுகிறவருக்குத் தெரியாது. எடையில் வரும் 'தெரிந்தால்' மூன்றாவது வகை: உண்மை இருக்கிறது, ஆனால் அளக்கப்படவில்லை. 2023 திருத்தம், பெற்றோரின் ஆதார் எண்ணை 'இருந்தால்' தரலாம் என்று சொல்லி நான்காவது வகையைச் சேர்த்தது. அந்த எண் இல்லாதவரைத் திருப்பி அனுப்ப அதில் இடமில்லை.

ஆக, திருத்தத்தையும் சேர்த்தால் ஒரே தாளில் நான்கு வகை வெறுமை. கருவியின் கண்ணுக்கு நான்கும் ஒரே நீளப் புள்ளிக்கோடு. அது எல்லாவற்றையும் கட்டாயமாக்கும், அல்லது எல்லாவற்றையும் விருப்பமாக்கும். முதலாவதில் பொய்ப் பதில்கள் சேரும். இரண்டாவதில் பதில் காணாமல் போகும். தொழில் கட்டத்தில் 'இல்லை' என்பதைப் பட்டியலின் ஒரு பதிலாகவே வைத்து, பெயர்க் கட்டத்தையும் ஆதார்க் கட்டத்தையும் விருப்பமாக விட்டு, எடைக்கு 'எடுக்கவில்லை' என்ற தேர்வும் கொடுத்தால் நான்கும் பிரிந்து நிற்கும்.

மூலம் 9
அறிவிப்பவரின் கையொப்பம் அல்லது இடது பெருவிரல் ரேகை (எல்லா நிரல்களையும் நிரப்பிய பின்).

உரை: இங்கேயும் ஒரு கோடு இருப்பதால் கருவி இங்கேயும் கட்டம் போடும். அதில் ஒருவர் பெயரைத் தட்டச்சினால் அது கையொப்பம் ஆகாது. ரேகைக்கோ இடமே இல்லை. இந்தக் கோட்டைத் தொடாதே என்று கருவிக்குச் சொல்வதே இங்கே செய்ய வேண்டிய ஒரே வேலை. 'நிரப்பிய பின்' என்பதும் முக்கியம். வெற்றுத் தாளில் முதலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை அது தடுக்கிறது. நிரப்பி, அச்சடித்து, படித்துக் காட்டி, அதன்பின் மை.

மூலம் 10
பதிவாளர் நிரப்ப வேண்டியவை: பதிவு எண், பதிவு நாள், குறிப்பு.

உரை: பெற்றோருக்குத் திறந்த கட்டங்களும் பதிவாளரின் கட்டங்களும் ஒரே கோப்பில் இருந்தால் இவற்றைப் பூட்டி வைக்க வேண்டும். வேர்டின் பூட்டு தவறுதலாகக் கை படுவதைத்தான் தடுக்கும். வேண்டுமென்றே திறக்க முனைபவரைத் தடுக்காது. பதிவேட்டின் காவலை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது. இரட்டைக் குழந்தை என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிப்படிவம் எழுதிக் குறிப்பில் அதைச் சொல்ல வேண்டும் என்பதும் படிவத்தின் கட்டளை. வேர்டு 2013 முதல், ஒரு பகுதியை மடங்கு மடங்காகப் பெருக்கும் கட்டமும் கிடைக்கிறது. கருவி அதைப் போட்டுத் தந்தாலும் இங்கே ஏற்கலாகாது. இரண்டு பிறப்புகள், இரண்டு தாள்கள்.

தொகுப்புரை

எந்தப் படிவமானாலும் வேலையின் வரிசை இதுதான். கருவியைத் திறக்கும் முன் ஓர் அட்டவணை எழுதுங்கள்: கேள்வி, அடைப்புக்குறிக் கட்டளை, கட்டத்தின் வகை, வெறுமையாக விட்டால் அதன் பொருள். அடைப்புக்குறியே இல்லாத படிவமானால் அந்தக் கட்டளையைச் சட்டத்திலிருந்தோ, மேசையில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் அதை நிரப்பிய எழுத்தரிடமிருந்தோ கேட்டுப் பெறுங்கள். அந்த அட்டவணையைக் கருவியிடம் கொடுத்தால், நூறு கோப்புகளில் ஒரே மாதிரி, சலிக்காமல், அது கட்டம் போடும். அதில் அதை விஞ்ச மனிதரால் ஆகாது. நான்காவது நிரலை நிரப்புவது மட்டும் அதனால் ஆகாது. வெற்றிடமே கூடாது என்று பிரெஞ்சுச் சட்டம் ஒரேயடியாகத் தீர்த்துக்கொண்ட கேள்வியை, நம் படிவம் வரிக்கு வரி புதிதாகக் கேட்கிறது. அதற்குப் பதில் எழுதி முடித்த பிறகு கருவியை ஓட்டுவது சில நிமிட வேலை.